பெயரைப் பதிவதா, வேண்டாமா?

கோயம்புத்தூரில் தொழில் இல்லாத தெரு கிடையாது. ஒரு வீட்டு முன்னறையில் லேத் ஓடும். அடுத்த வீட்டில் இட்லி மாவு பாக்கெட் போடுவார்கள். அதற்கும் அடுத்த வீட்டில் செக்கு எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு லேபிளும் இருக்கும். "அந்தப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிந்தாயிற்றா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களுக்குங்க" என்று சிரிப்பார்கள்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்காக எல்லோரும் ஓடிப்போய்ப் பதிய வேண்டும் என்பதும் என் கட்சியல்ல. தேவையா, எதைப் பதிவது, யார் பெயரில் பதிவது என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்த பிறகு பணம் கட்டலாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். நான் வணிகவரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே பெயரில் இரண்டு கடைக்காரர்கள் வந்தாலும் இருவருக்கும் எண் கொடுப்போம். வரி யார் கட்டுகிறார் என்பதுதான் எங்கள் கணக்கு. பெயர் யாருக்குச் சொந்தம் என்பது எங்கள் வேலையே அல்ல. இன்றைய ஜி.எஸ்.டி. எண்ணும் அப்படித்தான். உத்யம் சான்றிதழும், உணவுப் பாதுகாப்பு உரிமமும், கம்பெனிப் பதிவும்கூட டிரேட்மார்க் உரிமை ஆகிவிடாது. "எல்லாம் ரிஜிஸ்தர் பண்ணியாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நான் சிறுவயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தேன். பிஸ்கட் டப்பாவிலும் சென்ட் பாட்டிலிலும் 'மார்க் தெப்போசே' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒப்படைத்துப் பதிந்த குறி என்று பொருள். பிரான்சில் 1857-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 1964-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அங்கே முதலில் பதிந்தவருக்கே பெயர் சொந்தம் என்றாகிவிட்டது. நம் நாட்டு முறை வேறு. நம்முடைய 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, முன்பிருந்தே ஒரு பெயரைப் பயன்படுத்தி வருபவரைப் பின்னால் வந்து பதிந்தவர் தடுக்க முடியாது என்கிறது.

அப்படியானால் பதிவு எதற்கு என்று கேட்கலாம். பதியாதவரும் வழக்குப் போடலாம், உண்மைதான். ஆனால் இந்தப் பெயருக்கு மக்களிடம் மதிப்பு உண்டு, எதிராளி அதைக் காட்டி வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார் என்று பழைய பில் புத்தகம், விளம்பரம், கணக்கு எல்லாவற்றையும் வைத்து நிரூபிக்க வேண்டும். நம் ஊரில் பத்து வருடத்துக்கு முந்தைய பில் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர் எத்தனை பேர்? பதிவுச் சான்றிதழ் இருந்தால் அந்தச் சுமை பெரிதும் குறையும்.

திண்டுக்கல் தலப்பாக்கட்டி கதை பலருக்கும் தெரியும். 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய கடையின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல். அவர் தலையில் தலப்பா கட்டியிருந்ததால் சாப்பிட வந்தவர்கள் வைத்த பெயர்தான் தலப்பாக்கட்டி. பிற்காலத்தில் அதே சாயலில் ஊரெல்லாம் பலகைகள் முளைத்து, பெயருக்கான சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. வாடிக்கையாளர் அன்பாக வைத்த பெயராக இருந்தாலும், அதைக் காப்பாற்றும் வேலை கடைக்காரருடையதுதான்.

செலவைப் பார்ப்போம். தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. வக்கீல் கட்டணம் தனி. பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1957-இல் பிரான்சின் நீஸ் நகரத்தில் உருவான ஒப்பந்தத்திலிருந்து வந்த பிரிவினை இது. மசாலாப் பொடி 30-ஆவது வகுப்பு, சமையல் எண்ணெய் 29, ஓட்டல் 43. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டால் இதழில் வெளியிடுவார்கள். நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் சான்றிதழ் வரும். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவான பிறகுதான். அதற்கு முன் போட்டால் சட்டப்படி தண்டம் உண்டு. 'டி.எம்.' என்று போட்டுக்கொள்ளத் தடையில்லை.

எதைப் பதிவது? இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். ஊர்ப் பெயர், பொருளின் பெயர், சாமி பெயர் என்று இந்த மூன்றில்தான் நம் பலகைகள் பெரும்பாலும் இருக்கும். 'கோவை', 'சுத்தமான', 'செக்கு' போன்ற சொற்களை ஒருவர் தனக்கே என்று வாங்கிவிடுவது எளிதல்ல. 'ராமாயண்' என்று ஊதுபத்திக்கு உரிமை கேட்டு வந்த வழக்கில், புனித நூலின் பெயரைத் தனக்கே சொந்தம் என்று யாரும் கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. சாமி பெயரைக் கடைக்கு வையுங்கள், நல்லதுதான். அதை வேலியாக நினைக்காதீர்கள்.

ஊர்ப் பெயருக்கு வேறு வழி இருக்கிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. பவானி ஜமக்காளத்துக்கும் ஈரோடு மஞ்சளுக்கும் உண்டு. அது ஊருக்குப் பொதுவான சொத்து. விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. ஊர்ப் பெயர் ஊருக்கு, சொந்தப் பெயர் நமக்கு. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

யார் பெயரில் என்பதுதான் கடினமான கேள்வி. எங்கள் தெருவில் ஒரு பெண் அரிசிம்பருப்பு சாதப் பொடி செய்து விற்கிறார். சிங்காநல்லூர் வரைக்கும் கடைகளில் வாங்குகிறார்கள். "ஏனுங்கய்யா, டிரேட்மார்க் எடுக்கலாம்னு இவர் சொல்றார். யார் பேர்ல எடுக்கறதுங்க?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற கணவர், "என் பேர்லதானுங்க, வேற யார் பேர்ல?" என்றார். பக்குவம் யாருடையது என்று கேட்டேன். "அவளோட அம்மாயி சொல்லிக் கொடுத்ததுங்க" என்றார். "அப்போ கண்ணு பேர்லயே எடுங்க தம்பி" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டாரா என்று தெரியாது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

காரணம் இருக்கிறது. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய ஒரு பலகாரக் கடை பாகம் பிரிந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இடத்தை அளந்தார்கள், பாத்திரத்தை எண்ணினார்கள், அடுப்பைக்கூடப் பிரித்தார்கள். பெயரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆறு மாதத்தில் ஒரே பெயரில் இரண்டு கடை. பிறகு வக்கீல் நோட்டீஸ். இன்றைக்கு ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போவதில்லை. நிலத்தைப் பிரிக்கலாம், பெயரைக் கல் நட்டுப் பிரிக்க முடியாது. கூட்டுத் தொழிலாக இருந்தால், பிரியும்போது பெயர் யாருக்கு என்று பங்குதாரர் பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே எழுத வேண்டிய வரி அது.

ஆக, என் கருத்து இது. தெருமுனைப் பெட்டிக்கடைக்கு அவசரமில்லை. ஆனால் உங்கள் சரக்கு உங்கள் முகம் தெரியாதவர் கைக்குப் போகத் தொடங்கிவிட்டால், அவர் உங்களை நம்புவது அந்தப் பெயரை வைத்து மட்டும்தான். அந்த நாள் வந்ததும் பதிந்துவிடுங்கள். அதற்கு முன், டிரேட்மார்க் துறையின் இணையதளத்தில் அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், காசு வாங்குவதில்லை. பேரனோ பேத்தியோ பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பழைய பில் புத்தகங்களை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.