ஒரு கரண்டிப் பொடியும் கோழிக்கூட்டு நம்பிக்கையும்

கப்பல்துறையில் என்றில்லை, கோழிக்கூடு உள்ள எந்த ஊரிலும் இன்று இந்தப் பேச்சைக் கேட்கலாம்: "புரொபயோட்டிக் பவுடரைத் தண்ணியில கலந்து குடுங்கோ, வருத்தம் கிட்டவும் வராது. இயற்கைச் சாமான்தானே, கூடினாலும் பாதகமில்லை." இதன் பிற்பாதியை மன்னித்துவிடலாம். முற்பாதி கோழியைக் கொல்லும்.

பையில் இருப்பது உயிருள்ள கிருமி. போதிய அளவில் உயிரோடு உள்ளே போனால்தான் பலன். நம் ஊரில் அது எப்படிப் போகிறது? கச்சான் அனலாய் வீசும் ஆடி, ஆவணியில் தகரக் கூரைக் கடையில் மாதக்கணக்கில் கிடக்கிறது. பிறகு குழாய்த் தண்ணீரில் கரைக்கிறோம். கந்தளாயிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில் கிருமி கொல்லத்தான் குளோரின் போட்டிருக்கிறார்கள். அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி தெரியாது. குச்சித் தீனில் கலந்து வருவதென்றால் ஆலையில் 70, 80 பாகைச் சூட்டைத் தாண்ட வேண்டும். லக்டோபசிலஸ் பெரும்பாலும் தாங்காது. வித்தாக உறங்கும் பசிலஸ் வகை தாங்கும். பிரீபயோட்டிக்குக்கு இந்தச் சாவுப் பயம் இல்லை, ஆனால் அது குடலில் ஏற்கெனவே உள்ள கிருமிக்குத் தீன், அவ்வளவே.

விஷயமே பொய் என்று நான் சொல்லவில்லை. 1973 இல் பின்லாந்தின் நூர்மியும் ரந்தாலாவும் வளர்ந்த கோழியின் குடல் கிருமிகளைப் புதுக்குஞ்சுக்குக் கொடுத்தபோது சல்மொனெல்லா தொற்றுவது குறைந்தது. இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்குத் தாய்க்கோழியின் எச்சம் கிடைப்பதில்லை. அதன் வெறுங்குடலில் நல்லது முந்திக்கொண்டால் கெட்டதற்கு இடம் குறையும். இதைக் கொண்டு ராணிக்கெட்டையும் கம்போரோவையும் மறிக்க முடியுமா? அவை வைரஸ் நோய்கள். அவற்றுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. அந்தக் காசைப் பொடிக்குத் திருப்புகிறவர் சூதாடுகிறார்.

ஐரோப்பாவைக் காட்டுவார்கள். வளர்ச்சிக்காகத் தீனில் அன்டிபயோட்டிக் கலப்பதற்கு அங்கே 2006 ஜனவரி முதல் முற்றான தடை. ஆனால் 1986 இலேயே நிறுத்திய சுவீடன் வெறும் பொடியால் சமாளிக்கவில்லை. கூட்டைச் சுத்தமாக்கி, நெரிசலைக் குறைத்து, பன்றிக்குட்டியைப் பிந்திப் பால்மறக்கச் செய்துதான் சமாளித்தது. நாமோ நனைந்த உமியை மாற்றாமல் பொடியை மாற்றுகிறோம்.

மாட்டுக்கு ஈஸ்ட் பவுடர் விற்கிறவர்கள்மீது எனக்குக் கோபம் இன்னும் கூட. தம்பலகாமத்து வயலில் அறுப்பு முடிந்தால் மாட்டுக்கு வைக்கோல். அதில் புரதம் நூற்றுக்கு நாலு பங்கு அளவில்தான். மாட்டின் முதல் வயிற்றில் கோடானுகோடி கிருமிகள் ஏற்கெனவே பட்டினி. சோறில்லாப் பந்திக்கு மேலும் ஆள் கூப்பிட்டு என்ன பயன்? வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையின் காய்ந்த இலையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம். வாடவைத்துப் போட்டால் மாடு பழகிக்கொள்ளும், காசும் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. எந்தப் பவுடர் அவற்றுக்குக் கொட்டில் போட்டிருக்கும்?

வாங்கத்தான் வேண்டுமென்றால் பையைத் திருப்பிப் பாருங்கள். கிருமியின் பெயர், கிராமுக்கு எத்தனை, காலாவதி நாளில் எத்தனை உயிரோடு மிஞ்சும், எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்பன இருக்க வேண்டும். விலங்குத் தீனுக்கு 1986 இலேயே சட்டம் போட்ட நாடு இது. விபரம் இல்லாத பையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.