ஆம்னியில் மிஸ்ஸிங்: இன்ஜினைப் பிரிக்கும் முன்

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கையும் தக்காளியும் ஏற்றிப்போகும் வாசகர் ஒருவரிடமிருந்து வந்திருக்கும் கேள்வி இது. வண்டி 2006-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி, பெட்ரோல், 1,90,000 கிலோமீட்டர் ஓடியது. பத்து நாளாக ஸ்டார்ட் செய்தவுடன் குலுங்குகிறது, லோடு ஏற்றினால் மேட்டில் இழுப்பதில்லை, சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை. “இன்ஜின் வேலை வந்துவிட்டது, 40,000 ரூபாய் ஆகும்” என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். கறவை மாட்டை விற்றுச் செய்யலாமா, வண்டியையே தள்ளிவிடலாமா என்று கேட்கிறார்.

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். அவர் எழுதியதில் மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்ததாகவே இல்லை. காது கேட்ட சத்தத்தை வைத்து 40,000 ரூபாய் முடிவு எடுக்கக் கூடாது.

ஆம்னியில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். மூன்றில் ஒன்று எரியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு இழுவை போய்விடும். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியே வெளியேறும். அந்த வாடையும் குலுக்கலும் இதனால்தான். சொட்டுநீரில் மூன்று லேட்டரலில் ஒன்றில் மட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் மோட்டாரைக் கழற்றுவதில்லை. எந்தக் குழாய் என்று பார்த்து, அதன் வழியே போவார்கள். இங்கேயும் முதல் கேள்வி எந்த சிலிண்டர் என்பதுதான்.

முன்சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். வேட்டி, துண்டு பெல்ட்டில் சிக்காமல் மடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டரும், அதன் தலையில் ஒரு ஒயர் கனெக்டரும் இருக்கும். இன்ஜின் ஓடும்போது ஒன்றை மட்டும் பிடுங்கி, கவனித்து, திரும்பச் செருக வேண்டும். பிடுங்கியதும் ஓட்டம் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது. எந்தக் கனெக்டரைப் பிடுங்கியும் மாற்றமே தெரியவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரை வெறுங்கையால் இழுக்கும் பழைய வழக்கம் வேண்டாம், ஷாக் பலமாக அடிக்கும்.

சிலிண்டர் தெரிந்ததும் இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, அதன் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி குறைவு. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறியே வரவில்லை என்று சந்தேகிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். பிறகு அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட வேண்டும். கோளாறும் கூடவே நகர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. நகராவிட்டால் ஒயர்.

ஒயர் விஷயத்தில் கிராமத்து வண்டிக்கு ஒரு தனி எதிரி உண்டு: எலி. வைக்கோல் போர் ஓரம் நிற்கும் வண்டியில், சூட்டுக்கு இன்ஜின் மேல் வந்து படுத்து, பிளக் ஒயரையும் இன்ஜெக்டர் ஒயரையும் கடித்துவிடும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் ஒயரிலிருந்து நீலப்பொறி இரும்புக்குத் தாவுவது கண்ணுக்கே தெரியும். பெட்ரோல் கசிவோ வாடையோ இன்ஜின் பக்கம் இருந்தால் இதைச் செய்யக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் அதன் மூடிக்குள் விரிசலோ ஈரமோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் கதை.

நின்றபடி ஓடும்போது குலுங்கி, வேகத்தில் சரியாகிவிட்டால், வெடித்த வேக்கம் குழாய் வழியே காற்று உறிஞ்சுகிறதா என்று பார்க்கலாம். இந்த வாசகரின் வண்டி லோடில்தான் அதிகம் திணறுகிறது. அதனால் சந்தேகம் முதலில் பொறியின் மேல்.

பிளக், ஒயர், இன்ஜெக்டர் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால்தான் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். அதற்கு கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக் தேவை. மூன்று சிலிண்டரின் அளவையும் தாளில் எழுதி வாங்க வேண்டும். 165, 160, 90 என்று வந்தால் மூன்றாவதில் கோளாறு. அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு நன்றாக ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. அதற்கு டேப்பட் இடைவெளியைச் சரிசெய்தோ, ஹெட்டை மட்டும் இறக்கியோ முடித்துவிடலாம், முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதில்லை. கேஸில் ஓடிய வண்டி என்றால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்தே குறைந்திருந்தால், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட். அந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது.

மூன்று அளவும் குறைந்து, ஆயில் விட்டதும் மூன்றும் ஏறினால், மெக்கானிக் சொன்னது சரி. அப்போது 40,000 ரூபாய்க்கும் வண்டியின் இன்றைய விலைக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாட்டைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்.

அதுவரை மிஸ்ஸிங்கோடு லோடு அடிக்க வேண்டாம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ரிங் தேயும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பார்க்கவும். அடித்தால், கோளாறு சரியான அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் சந்தைக்குக் கிளம்ப வேண்டும்.