கையுறையும் கைக்கூலியும்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து கந்தோர்கள் மீளத் திறக்கும் நாளில், எமது கரைப் பகுதியிலே ஓர் இனிய காட்சியைக் காணலாம். ஊழியர் சிலர் வெற்றிலையும் பலகாரத் தட்டும் ஏந்தி மேலதிகாரியின் அறைக்குட் செல்வர். அவர் எழுந்து நின்று வெற்றிலையை வாங்குவார். பலகாரத்தை எல்லார்க்கும் பகிரச் செய்வார். இதிலே குறை காண்பார் ஒருவரும் இலர். ஆனால், எல்லாரும் வீடு சென்ற பின்னர் அதே அறைக்குள், அல்லது அவ்வறைக்குரியவரின் வீட்டுப் பின்வாயிலால், பொதியொன்று செல்கின்றதே, அதனைக் குறித்தே இங்கு எழுதப் புகுந்தேன்.

பெரியோரைக் காணச் செல்பவர் வெறுங்கையுடன் செல்லலாகாது என்பது தமிழர் மரபு. அவ்வாறு கொண்டு செல்லும் பொருளைக் கையுறை என்றனர் முன்னோர். (இன்றைய மாணவனைக் கேட்டால், கையில் மாட்டிக்கொள்ளும் உறை என்பான், அவன்மேற் குற்றமில்லை.) காணும்போது கொடுப்பதாதலிற் காணிக்கை என்றும் ஒரு சொல் உண்டு. கருமம் ஒன்று முடிதற்பொருட்டுக் கொடுப்பதோ கைக்கூலி. இம்மூன்றிலும் கைம்மாறும் பொருள் ஒன்றாகவே இருக்கலாம். ஒரு பொதி கற்பிட்டிக் கருவாடாகவே இருக்கலாம். கொடுக்கும் வேளையும் கொடுப்பவரின் நெஞ்சத்து எதிர்பார்ப்புமே அதற்குப் பெயரிடுகின்றன. இடமாற்ற விண்ணப்பம் மேசையிற் கிடக்கும் வாரத்தில் வந்த கருவாட்டுக்குக் காணிக்கை என்று பெயர் சூட்டுதல் எங்ஙனம்?

மேலோர் கையுறையை எங்ஙனம் ஏற்றல் வேண்டும் என்பதற்குக் கம்பர் ஓர் இலக்கணமே வகுத்துவிட்டார். கங்கைக் கரையில் வேடர் தலைவனாகிய குகன், தேனும் மீனும் கொண்டுவந்து இராமன் முன் வைக்கின்றான். தவக்கோலம் பூண்டவன் மீனை உண்ணல் ஆகாது. எனினும் இராமன் அதனைத் தள்ளவில்லை, கொணர்ந்தவனைக் கடிந்துரைக்கவுமில்லை. அருகிருந்த முதுமுனிவரை நோக்கி முறுவலித்து, அன்பினாற் கொணரப்பட்டமையின் அது தூயதே என்றும், தான் உண்டதற்கு ஒப்பே என்றும் கூறினான். பொருள் உட்கொள்ளப்படவில்லை, அன்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது, கொடுத்தவனுடைய முகமும் வாடவில்லை. யாவும் பலர் கண்முன்னே நிகழ்ந்தன. மீன் பிடித்து வாழும் மக்கள் நிறைந்த எம் கரையில் அதிகாரியாக வருவோர் அனைவரும் குகப் படலத்தை ஒருமுறையேனும் படித்துவிட்டு வருதல் நன்று.

இன்னுமொன்று. எமது வழக்கங்களை ஊன்றி நோக்கின், கொடை பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே பாய்ந்திருக்கக் காண்கிறோம். புத்தாண்டிற் கைவிசேடம் வழங்குபவர் மூத்தவரும் முதலாளியுமே. பெறுபவர் இளையவரும் ஊழியரும். முஸ்லிம் இல்லங்களிற் பெருநாட் காசு பெரியவர் கையிலிருந்து சிறியவர் கைக்குச் செல்கின்றது. திருநாள் வந்தால், சம்மாட்டியார் தம்மிடம் தொழில் புரிபவர்க்கு உடுபுடைவை எடுத்துக் கொடுப்பார். உடப்புக் கரையிற் கரைவலை இழுக்கும்போது, வழியே சென்றவன் ஒருவன் வடத்திற் கைவைத்தாலும் அவனுக்கும் கறிக்கு ஒரு பிடி மீன் உண்டு. அந்த மீனும் எல்லாரும் பார்த்திருக்க, மணலில் வைத்தே கொடுக்கப்படும்.

கந்தோரிலோ ஆறு மேல்நோக்கி ஓடத் தொடங்கிவிட்டது. (கந்தோர் என்னும் சொல்லே ஒல்லாந்தர் விட்டுச்சென்றது, கற்பிட்டியிற் கோட்டை கட்டியவர்களும் அவர்களே.) மேலதிகாரி இடமாற்றம் பெற்றாலும், புதுமனை புகுந்தாலும், மகளுக்கு மணம் செய்தாலும் ஒரு தாள் புறப்படுகின்றது. பாடசாலை ஓய்வறைகளில் இத்தகைய தாள்கள் பல என் மேசையைக் கடந்து சென்றுள்ளன. முதலிற் கைச்சாத்திடுபவர் 2,000 ரூபா என்று எழுதிவிடுவார். அடுத்தவர் அதிற் குறைத்து எழுத நாணுவார். தாள் இறுதியாகச் சிற்றூழியரிடம் போய்ச் சேரும். அவர் பையில் அன்று இருப்பது பிள்ளையின் மருந்துக்கோ பேருந்துக்கோ வைத்த பணமாயிருக்கலாம். ஆயினும் மேலே நிற்கும் பெயர்களைப் பார்த்து அவரும் அதே தொகையை எழுதுவார். பின்னர் விழாமேடையில், "ஊழியர் யாவரும் உவந்தளித்த பரிசு" என்று ஒருவர் முழங்குவார். உவந்தவர் யார் என்று அந்தச் சிற்றூழியரைக் கேட்பாரில்லை.

சட்டங்கள் இதனை அறியாதன அல்ல. இலங்கையில் 1954 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் நெடுங்காலம் நின்றது. அதனை நீக்கி 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தது. புதிய சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியுள்ளமையால், வணிக நிலையங்களும் இனி ஒதுங்கி நிற்க இயலாது. தமிழும் ஆட்சிமொழியாகவுள்ள சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டம் 1960 இல் இயற்றப்பட்டது. "எமது தொழிலில் இது வழக்கந்தானே" என்று சான்று காட்டுதற்கும் அச்சட்டம் இடந்தரவில்லை. ஐக்கிய அமெரிக்க அரசாங்கச் சேவையிலோ, தன்னிலும் குறைந்த சம்பளம் பெறும் ஊழியரிடமிருந்து பரிசு ஏற்றலாகாது என்பதே பொதுவிதி. 10 டொலருக்கு மேற்படாத பொருளை எப்போதேனும் கொடுக்கலாம், பணமாகக் கொடுத்தலாகாது. கந்தோரிற் பலர் பகிர்ந்துண்ணும் உணவுக்கும், திருமணம், ஓய்வு போன்ற அரிய நிகழ்வுகளுக்குரிய பரிசுக்கும் விலக்கு உண்டு. அந்நிகழ்வுகளுக்குப் பணம் சேர்க்கும்போதும், தொகையைக் கொடுப்பவரே தீர்மானித்தல் வேண்டும். எமது வெற்றிலைத் தட்டு அந்த விதியிலும் தப்பிவிடும்; எமது தாள் தப்பாது.

மேலிருந்து வருவன யாவும் நல்லன என்று யான் கூறியதாக எவரும் கொள்ளற்க. எல்லார்க்கும் ஒருபடித்தாய் வழங்கும் கைவிசேடம் வேறு. இளம் பெண் ஊழியர் ஒருவருக்கு மட்டும் தனித்தழைத்துக் கொடுக்கும் சேலை வேறு. அப்பெண் அதனை ஏற்றால் ஊரார் வாய்க்கு இரையாவார். மறுத்தால் ஆண்டறிக்கையில் அதன் பயனைக் காண்பார். பாலியல் இலஞ்சத்தை 2023 ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லியே குற்றமாக்கியுள்ளது. ஆயினும் சேலை கொடுக்கும் கட்டத்திலே சட்டம் எதுவும் செய்வதற்கில்லை. அருகிலிருக்கும் மூத்த ஊழியரே அதனைக் கண்டு வாய் திறத்தல் வேண்டும். பெரும்பாலும் திறப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆண்டிறுதியில் இடமாற்றப் பட்டியல்கள் வெளிவரும். அவற்றுக்கு முன்னரே பிரிவுபசாரத் தாள்கள் மேசைகளில் ஏறிவிடும். ஆதலின் எம் மாவட்டத்துக் கந்தோர்த் தலைவரும் பாடசாலை அதிபரும் இப்பொழுதே ஒரு சிற்றறிக்கை எழுதி அறிவித்தற் பலகையில் இடுதல் வேண்டும்: தமக்கெனப் பணம் சேர்க்கும் தாளில் பெயரும் தொகையும் எழுதலாகாது, விரும்பியவர் இடும் மூடிய பெட்டி ஒன்றே போதும், சிற்றூழியரிடம் அப்பெட்டியைக் கொண்டு செல்லுதலும் ஆகாது, வீட்டுக்குப் பொதி அனுப்புபவர் மறுநாள் அதனைக் கந்தோர்ப் பொதுமேசையிற் காண்பார். நான்கு வரிகளே. கைச்சாத்திட ஒரு நிமிடமும் ஆகாது.