இருபத்தைந்து வெள்ளிக்கு ஐந்தாண்டுச் சிறையா?

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கூட்டாளிகளோடு சேர்ந்துகொண்டு, விளையாட்டுப் புத்தியில் கடைக் கண்ணாடி மீது கல்லெறிகிறான். சேதம் முப்பது வெள்ளி. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 427-ஆம் பிரிவு அவனுக்கு என்ன சொல்கிறது? ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்! சேதம் 25 வெள்ளியை எட்டினாலே இந்தப் பிரிவு பாயும்.

அபராதத்தோடு விடவும் நீதிபதிக்கு வழியுண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அபராதம் கட்ட வக்கில்லாதவன் யார்? தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு வெளியேறி, ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் மலிவு வீடுகளில் ஒண்டியிருப்பவனின் மகன்தான்.

கிராணி வேலை பார்க்கும் நமக்குக் கணக்குப் போடத் தெரியும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வாரம் ஆறு நாள் உழைப்பவனுக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளிச் சொச்சம். ஆக, 25 வெள்ளி அரைநாள் கூலிக்கும் குறைவு. அரைநாள் கூலிக்கு ஐந்தாண்டு!

அதே தொழிலாளியின் கூலியைக் கொடுக்காமல் பிடித்துவைக்கும் முதலாளிக்கோ, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி 50,000 வெள்ளி வரை அபராதம். அந்தக் குற்றத்துக்குச் சிறை என்ற பேச்சே இல்லை. கண்ணாடிக்குச் சிறை, வயிற்றுக்கு ரசீது. என்னே நீதி!

இச்சட்டத்துக்குத் தாய், இந்தியாவில் வெள்ளையர் 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டம். அதில் வரம்பு 50 ரூபாய். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் இந்தியா அதை 20,000 ரூபாயாக்கிவிட்டது. அந்த அளவுக்கும் தண்டனை இரண்டாண்டுக்கு மேல் இல்லை. தாய் மாறிவிட்டாள், பிள்ளை இன்னும் பழைய சட்டையோடு நிற்கிறது.

பக்கத்துச் சிங்கப்பூரில் 1994-இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்கப் பையன் கார்களில் சாயம் பூசினான். நான்கு மாதச் சிறை, 3,500 சிங்கப்பூர் வெள்ளி அபராதம், ஆறு பிரம்படி என்றார்கள். அதிபர் கிளிண்டனே பரிந்து பேசினார், ஆறு நான்காயிற்று. நம் தோட்டத்துப் பையனுக்குப் பரிந்து பேச எந்த அதிபர் வருவார்?

உடைத்தவனைத் தட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளின் இருக்கையைக் கிழித்தால் நட்டப்படுபவனும் நம் தொழிலாளிதான். அவனுக்கு வேண்டியது புது இருக்கை. கிழித்தவன் தைப்பிங் சிறையில் கிடப்பதால் அது வந்துவிடாது. நட்டஈடு கட்டச் சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. 18 முதல் 21 வயது வரையுள்ளவர்களுக்கு 240 மணி நேரம் வரை சமூகச் சேவை விதிக்கவும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. முதல் முறை தவறுபவனுக்கு இவற்றையே முதலில் விதிக்கட்டும். 25 என்ற எண்ணையும், ஓராண்டு என்ற கீழ்வரம்பையும் நாடாளுமன்றம் நீக்கட்டும். பேராக் மாநிலத்து உறுப்பினர்கள் அதற்கான திருத்தத்தை எப்போது கொண்டுவரப் போகிறார்கள்?