நடுவுநிலைமையும் வாய்மூடி நிற்றலும்

நடுநிலைமை என்னும் சொல் இன்று மிக மலிந்துவிட்டது. இருவர் பூசலில் தலையிடாதவன் நடுநிலையாளன். அநீதி கண்டும் வாய் திறவாதவன் நடுநிலையாளன். மாணவர் இவ்வாறே எழுதுகின்றனர். ஆசிரியர் சிலரும் மதிப்பெண் வழங்குகின்றனர். நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அங்கே சான்றோர்க்கு உவமையாகத் துலாக்கோலைக் காட்டினார். எடை காட்ட மறுக்கும் கோலைக் கடைத்தெருவில் எவரேனும் கைக்கொள்வரோ?

இப்பிழை சொல்லளவில் நிற்பதன்று. உயிர்களையும் விலையாகக் கேட்பது. அமெரிக்க வரலாறே அதற்குச் சான்று. 1793ஆம் ஆண்டு, பிரான்சும் பிரிட்டனும் பொருதபோது அதிபர் வாஷிங்டன் நடுநிலை அறிவித்தார். இளங்குடியரசு தன்னைக் காத்துக்கொள்ள மேற்கொண்ட வழி அது. 1935 முதல் 1937 வரை இயற்றப்பட்ட நடுநிலைச் சட்டங்களோ வேறு வகையின. தாக்கியவனுக்கும் தாக்குண்டவனுக்கும் ஒருங்கே ஆயுத விற்பனையை அவை தடுத்தன. 1935இல் இத்தாலி எத்தியோப்பியாவின் மீது பாய்ந்தது. இத்தாலிக்குச் சொந்த ஆயுதச் சாலைகள் இருந்தன, எத்தியோப்பியருக்கு இல்லை. எண்ணெயோ தடைப்பட்டியலில் இடம்பெறவே இல்லை. சமநீதி போலத் தோன்றிய சட்டம் வலியவனுக்கே துணை நின்றது.

1937இல் ஜப்பான் சீனத்தின் மீது படையெடுத்தது. போர் முறைப்படி அறிவிக்கப்படாமையால் அச்சட்டம் அங்கே செயற்படுத்தப்படவில்லை. சீனத்துக்கு உதவும் எண்ணமும் அதில் இருந்தது. ஆயினும் ஜப்பானுடன் வணிகமும் தொடர்ந்தது. அமெரிக்கப் பழைய இரும்பு 1940 வரையிலும், எண்ணெய் 1941ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையிலும் ஜப்பானுக்குச் சென்றன. 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியப் படை சிங்கோராவில் கரையிறங்கியது. நடுநிலை பேசிய தாய்லாந்து சில மணி நேரத்தில் வழிவிட்டது. இந்தியச் சிப்பாய்கள் மிகுந்திருந்த ஜித்ரா அரண் சரிந்தது. அலோர் ஸ்டார், மெர்கோங் வட்டாரம் அந்நியப் படையின் கீழ் வந்தது. பின்னர், தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; மீளாதோர் எண்ணற்றோர். அவர்களுள் எவரும் எந்த நடுநிலைச் சட்டத்திலும் கையொப்பமிட்டவர் அல்லர்!

"வல்லரசுகளின் சண்டையில் சிறிய நாடு ஒதுங்கி நிற்பதன்றோ அறிவுடைமை?" என வினவுவோர் உண்டு. படையளவில் ஒதுங்குவது அறிவுடைமையே. அறத்தளவில் ஒதுங்குவது அன்று. 1971 நவம்பர் 27இல் ஆசியான் நாடுகள் ஐந்தும் கோலாலம்பூரில் கூடி, தென்கிழக்காசியா அமைதியும் சுதந்திரமும் நடுநிலைமையும் நிலவும் வட்டாரமாதல் வேண்டும் என அறிவித்தன. அது பிறர் தலையீட்டை மறுத்த அறிவிப்பு. நீதியைப் பேசாதே என்று விதித்த வாய்ப்பூட்டு அன்று. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான், தென்னாப்பிரிக்க நிறவெறியைக் காமன்வெல்த் அவையில் வெளிப்படையாகக் கண்டித்தார். 1961இல் அந்நாடு அவ்வமைப்பினின்று வெளியேறியது. பிறர் உள்நாட்டுச் செய்தி என்று துங்கு வாளாவிருந்தாரில்லை.

ஆதலின், நடுவு நிலைமை கற்பிக்கும் வகுப்பறையில் 'ஒருபக்கம் சாராமை' என்று பொருள் எழுதி முடித்தல் போதாது. 'இவ்வொதுக்கத்தால் ஓங்குவது எவர் கை? நசுங்குவது எவர் கழுத்து?' என்னும் வினாவும் அங்கே எழ வேண்டும். அவ்வினா எழாத வகுப்பில் குறள் மனப்பாடமாகும், நடுவுநிலைமை வளராது.