மழைக்கு முன்பே

காப்பிச் செடியைப் பூஞ்சாண நோயிலிருந்து காப்பதற்கான மாதம் மே. ஜூலையில் கருப்பு அழுகல் கண்ட இலைகள் பூஞ்சை இழையில் தொங்கும்போது விழித்துக்கொள்வது வீண். குடகிலும் கூடலூரிலும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து, செடியின் நடுப்பகுதிக்குக் காற்றும் வெளிச்சமும் வர வழிசெய்ய வேண்டும். ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் 200 லிட்டர் தண்ணீரில் சேர்ந்த போர்டோ கலவையை இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். இலைத்துரு தொற்றுவது அங்கேதான். 1869இல் இலங்கையில் தென்பட்ட அந்நோய், காப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு இடம்விட வைத்தது. கூலிக்கு வழியில்லாமல் வேலையைத் தள்ளிப்போடும் சிறு விவசாயியைக் குறைசொல்லிப் பயனில்லை. மானியமும் கடனும் மழைக்கு முன்பே அவர் கைக்கு வரவேண்டும்; காய் உதிர்ந்தபின் வரும் உதவியால் விளைச்சலை மீட்க முடியாது.