விதையில்லாத மல்லிகை

தாவரவியல் வகுப்பில் பாலிலா இனப்பெருக்கத்துக்கு ரணகள்ளியை எடுத்துக்காட்டாகப் படித்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குடும்பமே மல்லிகைப் பதியன் நட்டுப் பிழைப்பது என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை! எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வீட்டில் கற்றதை வாசலிலேயே விட்டுவிட்டேன் போலும்.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விதையை யாரேனும் கண்டதுண்டா? மல்லிகையின் குரோமோசோம் தொகுதி 13. குண்டுமல்லியில் மூன்று தொகுதி, அதாவது 39 குரோமோசோம் கொண்ட வகைகள் உண்டு. குன்றல் பகுப்பில் அவை சரிபாதியாகப் பிரிவதில்லை. விதை பிடிப்பது அரிது. ஆகவேதான் இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து பதியன்கள் நம் தோட்டங்களுக்கு வருகின்றன. குச்சியின் செல்கள் மறைமுகப் பிரிவால் பெருகி வேர்விட, தாயின் அச்சாகவே மகள் நிற்கிறாள்.

“எல்லாம் ஒரே செடிதாம்ப்பா” என்பார் அப்பா. போன மழைக்கு வேரழுகல் வந்து இரண்டு பாத்தி பட்டுப்போனபோது அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. ஒரு செடியை வென்ற பூஞ்சைக்கு மற்றதெல்லாம் திறந்த வீடு. கலப்பினால் வரும் வேற்றுமை அங்கே இல்லை. இதைப் பாடநூலில் படித்திருந்தேன். எங்கள் தோட்டத்தோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. பிழை என்னுடையது மட்டுமா? எடுத்துக்காட்டுகள் எங்கிருந்தோ வந்தால் மாணவன் வேறென்ன செய்வான்?

செய்முறை வகுப்பில் செல் பிரிதலைக் காண வெங்காய வேர்நுனியை நசுக்குகிறோம். அதனருகே மல்லிகைப் பதியனின் வேர்நுனியையும் வைக்க வேண்டுகிறேன். பதியன் நான் கொண்டு வருகிறேன்.